மாப்பிள்ளை கேம் ஆடுவாராமே?

போன மாதம் பெரியம்மா மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். அண்ணனுக்கு 31 வயது. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஜாதகம் பொருந்தி, காபி குடித்து, பேச்சு கைகூடி வரும் நேரத்தில் பெண்ணின் மாமா ஆரம்பித்தார்.

"தம்பி ராத்திரியில செல்லுல கேம் ஆடுமாமுங்க?"

யார் போட்டுக் கொடுத்தார்களோ! அண்ணன் மறைக்கவில்லை. "ஆமாங்க, பிஜிஎம்ஐ ஆடுவேனுங்க" என்றான். அதன்பிறகு ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான். "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்று எங்களை அனுப்பி வைத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு வந்ததே கோபம். நள்ளிரவு வரை ஐ.பி.எல் பார்ப்பவரை யாரும் பொறுப்பில்லாதவர் என்பதில்லை. கல்யாண மண்டபத்தில் விடிய விடிய சீட்டு ஆடும் பெரியவர்களுக்கு நாமே டீ கொண்டுபோய்க் கொடுக்கிறோம். செல்லில் ஆடினால் மட்டும் வளராத பிள்ளையா?

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாமாவின் சொந்தத் தம்பி ஓவர்லாக் டெய்லர். சனிக்கிழமை வாங்கிய சம்பளம் ஆன்லைன் ரம்மியில் திங்கட்கிழமைக்குள் காலியாகி, கடைசியில் வட்டிக்கு வாங்கி ஆடியிருக்கிறார். வாரச் சம்பள ஊரில் இது எப்படி ஒரு வீட்டைச் சாய்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு 'கேம்' என்றால் அதுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழக அரசின் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்ததுகூட நாட்டுப் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு என்ற காரணங்களைச் சொல்லித்தான். ஊர் ஞாபகத்தில் தங்கியதோ 'தடை' என்ற ஒரு சொல் மட்டும்.

அண்ணன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான்கு பேர் அணி. ஒருவர் செக்கிங் சூப்பர்வைசர், ஒருவர் சாயப்பட்டறையில் வேலை, இன்னொருவர் ஷார்ஜாவில். இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்செட்டில் துப்பாக்கிச் சத்தத்தைவிட நூல் விலைப் பேச்சுதான் அதிகம். ஷார்ஜா நண்பருக்கு ஊரோடு இருக்கும் ஒரே தொடர்பு அது.

அவன் உத்தமன் என்று சொல்லவில்லை. ஷிப்மென்ட் நேரத்தில் ரெண்டு மணி வரை ஆடிவிட்டு, காலையில் பைக்கில் கண்ணசந்திருக்கிறான். நானே திட்டியிருக்கிறேன். கேமுக்குள் பொம்மைக்குச் சட்டை வாங்க 400 ரூபாய் கொடுத்தானாம். பனியன் ஊரில் இருந்துகொண்டு! பெரியப்பா நொந்தே போனார்.

பெரியம்மாவுக்கு மட்டும் வருத்தம் தீரவில்லை. அதனால் என் லேப்டாப்பில் 'வெண்பா' போட்டுக் காட்டினேன். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பைப் புரிந்துகொண்டு நாம் சமைக்க வேண்டும். 2024-ல் பாஃப்டா விருதும் வாங்கியது. இட்லித் தட்டு அடுக்கும் இடத்தில் நான் இரண்டு முறை சொதப்பினேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே தடவையில் முடித்தார். "ஆவி போக வழி விடோணும் கண்ணு, இதுகூடத் தெரியாதா?" அப்புறம் புட்டு வரும் வரை லேப்டாப்பைத் தரவே இல்லை.

போன வாரம் அந்தப் பெண்ணே அண்ணனுக்கு போன் செய்தாள். இரண்டே கேள்விகள். "காசு கட்டி ஆடுவீங்களா?" "இல்லீங்க." "பாதியில கூப்பிட்டா எந்திரிச்சு வருவீங்களா?" அண்ணன் கொஞ்சம் யோசித்து, "ஒரு மேட்ச் அரை மணி நேரம் வருமுங்க. அவசரம்னா வந்துருவேன்" என்றிருக்கிறான்.

வருகிற ஞாயிறு அவர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். ஹெட்செட்டை பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார் பெரியம்மா. அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான்.