புளியங்கொட்டைப் பாடம்

மேடவாக்கம் பக்கத்துத் தெருக்களில் 'மாண்டிஸோரி' என்ற பெயரைத் தாங்கிய பலகைகளுக்குக் குறைவில்லை. பலகைக்கு உள்ளே நடப்பது என்ன என்று அறிய வேண்டுமானால், மூன்று வயதுக் குழந்தையின் பையைத் திறந்து பார்த்தால் போதும். கோடு போட்ட நோட்டும் வீட்டுப் பாடமும் அதில் இருக்குமாயின், அம்மையாரின் பெயர் வாசலோடு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். குற்றம் பள்ளிக்கூடத்தாரை மட்டும் சார்ந்ததன்று. "இன்னும் 'அ' எழுத வரவில்லையே! விளையாடவா பணம் கட்டுகிறோம்?" என்று கேட்பவர்கள் பெற்றோர்களே. உபாத்தியாயத் தொழிலில் உள்ள நாம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறோம்.

மாரியா மாண்டிஸோரி அம்மையார் 1939-இல் நமக்கு அண்மையிலுள்ள அடையாற்றுக்கே வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடாகிவிடவே, 1946 வரையில் அவர் இப்பக்கத்திலேயே தங்க நேர்ந்தது. வைத்தியம் பயின்ற அவர் 1907-இல் ரோமாபுரியில் முதன்முதல் திறந்த 'குழந்தைகள் இல்லம்' ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. 1931-இல் லண்டனில் அவரைச் சந்தித்த காந்தியடிகளும், இப்பயிற்சி செல்வர் வீட்டோடு நின்றுவிடாமல் பரம ஏழையின் குழந்தைக்கும் கிட்டவேண்டும் என்றே விரும்பினார். இன்றோ அப்பெயரைக் கேட்டதும் நடுத்தரக் குடும்பஸ்தர் முதலில் கட்டணத்தைத்தான் நினைக்கிறார்!

அம்மையாரின் கருவிகளில் ஒன்றைப் பார்ப்போம். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றுக்குரிய உருளைகள் பத்து. சிறிய உருளையைப் பெரிய குழியில் இட்டுவிட்டால், கடைசியில் ஓர் உருளை எந்தக் குழியிலும் இறங்காது. "தப்பு" என்று உபாத்தியாயர் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. குழந்தை தானே எடுத்து மறுபடியும் இட்டுப் பார்க்கிறது. உருளையின் தலைக் குமிழை மூன்று விரல்களால் பற்றிப் பற்றி, பின்னர்ப் பென்சில் பிடிப்பதற்கான வலிமையும் அவ்விரல்களுக்கு வந்துவிடுகிறது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகுவது மற்றொரு முறை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் எழுத்துக்கு அது நெருங்கிய உறவு. (அங்கே இருந்த பிரம்பை நாம் மறந்துவிடவில்லை.)

கருவிகளை விலைக்கு வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டாம். பட்டாணி உரிக்கட்டும், புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவிக்கட்டும். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் வயதில் மட்டும் கொட்டை கூடாது. டம்ளருக்கு டம்ளர் தண்ணீர் ஊற்றட்டும். சிந்தத்தான் சிந்தும். துடைக்கும் துணியையும் குழந்தையிடமே கொடுத்துவிட்டு, தாயார் தம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாராக! அதுதான் கஷ்டம்.

சர்க்கார் பள்ளியில் இதெல்லாம் நடவாது என்போர் உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய 'செயல்வழிக் கற்றல்' சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. சற்று மூத்த குழந்தைகளுக்கான அம்முறையில், அட்டைகளைக் கையில் எடுத்து அவரவர் வேகத்தில் கற்றார்கள். கரும்பலகை குழந்தைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. உபாத்தியாயரும் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். கரும்பலகையை இறக்குவதைவிட இது கடினமான காரியம். நம் சகோதர ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக!

ஜூன் மாதத்தில் குழந்தையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணத்தை விசாரிக்குமுன் அலமாரியைச் சற்றுப் பார்க்கட்டும். அது குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, அல்லது வருகிறவர்கள் கண்டு வியப்பதற்காகக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறதா?