சரசரக்கும் டஃபெட்டா

பெண் குழந்தைக்குப் பிறந்த நாள் என்றால் டஃபெட்டா கவுன்தான்! குடை மாதிரி விரிந்து நிற்கும். நடந்தால் சரசரவென்று சத்தம் வேறு. ஆதியில் இது அசல் பட்டு. இப்போது மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர்.

சந்தேகமா? தையல் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கிய வாடையும் பொடியாகும் சாம்பலும் வந்தால் பட்டு. உருகிக் கடுகு போல் கெட்டியானால் பாலியெஸ்டர்.

பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. எங்கள் பிளவக்கல் பக்கத்து வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம், கழுத்தெல்லாம் வேர்க்குருதான். உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் லைனிங் கொடுத்துத் தையுங்கள். பிரித்துத் தைத்தால் ஊசித் துளை மறையாது. அளவை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிவகாசி எங்களுக்குப் பக்கம். தீபாவளிக்கு மத்தாப்புக்குக் குறைவில்லை. அந்த நேரத்தில் மட்டும் இந்தக் கவுன் வேண்டவே வேண்டாம். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் இதைப்போல உருகித் தோலில் ஒட்டாது. தொளதொளவென்று இல்லாத பருத்திச் சட்டையே போட்டு விடுங்கள். தப்பித் தவறி ஒட்டிவிட்டால் பிடுங்காதீர்கள். இங்க், பேஸ்ட் எதுவும் தடவாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை விட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

சரசரப்பெல்லாம் கல்யாண வீட்டுக்கு இருக்கட்டுமே!