நாற்பத்திரண்டாம் நாளுக்குப் பிறகு

மத்திய சுகாதார அமைச்சகம் 2014 டிசம்பரில் வெளியிட்ட கர்ப்பகாலத் தைராய்டு வழிகாட்டி, தலைப்பிலேயே தைராய்டு குறைவோடு நின்றுவிட்டது. பிரசவத்துக்குப் பின் வரும் மிகைநிலை அதன் பொருளே அல்ல. அதனால் நம் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியில் சேமித்த ஹார்மோன் கசிகிறது, அவ்வளவுதான். அங்கே கார்பிமசோல் வீண். அடுத்து வரும் குறைவுநிலையை அது மோசமாக்கும். படபடப்புக்குப் புரோப்ரனலால் போதும். கிரேவ்ஸ் நோய் வேறு. டி.ஆர்.ஏ.பி. எதிர்ப்பொருளைப் பார்க்க முடியாத இடத்தில் கண்கள், சுரப்பியின் மேல் கேட்கும் இரைச்சல், டி3-டி4 விகிதம், டாப்ளர் ஆகியவற்றைக் கொண்டு முடிவெடுக்கலாம். பாலூட்டும் தாய்க்குக் கதிரியக்க அயோடின் ஸ்கேன் கூடாது. மெத்திமசோல் நாளொன்றுக்கு 20 மி.கி. வரை பாலூட்டலுக்குத் தடையில்லை என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 பரிந்துரை. கார்பிமசோல் உடலுக்குள் மெத்திமசோலாகத்தான் மாறுகிறது. மாத்திரை எழுதிய கையோடு பாலை நிறுத்தச் சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

மருந்தைவிட நம்மை வருத்துவது வேறு. வீடு தேடி வரும் பேறுகாலப் பின்கவனிப்பு 42 நாளோடு முடிகிறது. அழற்சியின் மிகைநிலையோ பெரும்பாலும் அதற்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள் வருகிறது. நம் பக்கத்தில் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீடு திரும்பும் காலமும் அதுவே. செய்யூரில் பிரசவித்தவள் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்கிறாள். இங்கிருந்த கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் அவள் கணக்கு முடிந்துவிட்டது; அங்கே அது தொடங்கவே இல்லை. "பால் குடுக்குற உடம்பு, இளைக்கத்தான் செய்யும்" என்கிறார் மாமியார். பாலாடையைப் பிடித்த கை நடுங்கிப் பால் பிள்ளையின் கழுத்தில் வழிகிறது. தூக்கம் கெட்டதால் என்கிறார்கள். எரிந்து விழுந்தால் மனநிலை சரியில்லை என்கிறார்கள். நாடியைப் பிடித்துப் பார்க்க ஆளில்லை.

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021 முதல் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வரவேற்கிறோம். அந்த வாசலைத் தாண்டி உள்ளே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பவள் மட்டும் சுகாதாரத் துறையின் கண்ணில் படாதது ஏன்? பேறுகால மரண விகிதத்தைக் குறைத்ததாகப் பெருமைப்படுவோர், உயிரோடு வீடு திரும்பியவளின் அடுத்த பத்து மாதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டாமா?

புதிய திட்டமோ புதிய பணியிடமோ கேட்கவில்லை. பிள்ளைக்கு 14-ஆம் வாரத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் தடுப்பூசி போடத் தாய் எப்படியும் வருகிறாள். எந்த ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் வருகிறாள். அன்று செவிலியர் அவள் நாடியை ஒரு நிமிடம் எண்ணட்டும். விரல்களை நீட்டச் சொல்லிப் பார்க்கட்டும். நாடி நூறைத் தாண்டினால் டி.எஸ்.எச். எடுக்கட்டும். முன்பே கிரேவ்ஸ் இருந்தவர்களுக்கும், டி.பி.ஓ. எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கும், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும் நாடி எப்படியிருந்தாலும் எடுக்கட்டும். தாய் சேய் நல அட்டையில் அந்த இரண்டு ஊசிகளுக்கும் நேரே தாயின் நாடித்துடிப்பை எழுத ஒரு கட்டம் போடச் சொல்லிப் பொது சுகாதாரத் துறையைக் கேட்கிறோம்.