பட்டை கட்டிய ஆபீஸ்

சில கம்பெனிகளில் புதிதாக ஒரு திருவிழா. ஊழியர்களின் மணிக்கட்டில் ஆளுக்கொரு பட்டை. யார் அதிகம் நடந்தார்கள், யார் அதிகம் கலோரி எரித்தார்கள் என்று போட்டி. ஜெயித்தவருக்கு கிஃப்ட் வவுச்சர். ஹெச்.ஆர். ஆசாமிகள் இதை 'வெல்னஸ்' என்கிறார்கள். எனக்கு இதில் இரண்டு ஆட்சேபணைகள்.

ஒன்று, கணக்கே தப்பு. உடம்பு செலவழிக்கும் சக்தியை ஒழுங்காக அளப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முகமூடி மாட்டி, இழுக்கும் ஆக்ஸிஜனையும் விடும் கரியமில வாயுவையும் அளக்க வேண்டும். அல்லது ஐசோடோப் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். பட்டை, பாவம், நாடித்துடிப்பையும் கை ஆட்டத்தையும் வைத்து ஊகிக்கிறது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு பட்டைகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் பெரும்பாலும் பாஸ். கலோரியில் எல்லாமே ஃபெயில். இருப்பதிலேயே நல்ல பட்டைக்கே 27 சதவிகிதம் பிழை, மட்டமானதற்கு 93. காய்கறிக்காரர் இப்படி நிறுத்தால் சும்மா விடுவோமா?

சரி, அந்தப் பத்தாயிரம் அடி? அதுவும் ஆராய்ச்சியில் பிறந்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயர் 'மான்போ-கெய்'. அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். பெயர் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்சேபணைதான் முக்கியம். பட்டை இல்லாமலே தோராயமாகக் கணக்கு போடலாம். சும்மா உட்கார்ந்திருக்க, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. கீபோர்டு தட்டினால் 1.3. சுமாரான வேகத்தில் நடந்தால் 3.5. அறுபது கிலோ இளைஞர் ஒன்பது மணி நேரம் கம்ப்யூட்டர் முன் உழைத்தால் சுமார் 700 கலோரி. சும்மா சாய்ந்து கிடந்திருந்தாலே 540 ஆகியிருக்கும். நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டதற்கு உடம்பு தரும் கூலி வெறும் 160. கேன்டீன் சமோசா ஒன்றில் அது காலி.

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் ஜேம்ஸ் லெவின் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பருமனானவர்கள் ஒல்லியானவர்களைவிட தினம் சுமார் இரண்டு மணி நேரம் அதிகம் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நடமாடியிருந்தால் நாளுக்கு 350 கலோரி வரை செலவாகியிருக்கலாம். ஜிம்மே வேண்டாம். 1953-ல் ஜெர்ரி மோரிஸ் லண்டன் டபுள் டெக்கர் பஸ்களைப் பார்த்தார். மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு. உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு அதிகம். டிரைவர் சோம்பேறியா என்ன? அவர் வேலை அப்படி.

நம் பிள்ளைகளின் வேலையும் அப்படித்தான். ஒன்பது மணி நேரம் லாக்-இன். பாத்ரூம் போனால்கூட நிமிஷக் கணக்கு. மாடிப்படிக் கதவில் 'அவசரத்துக்கு மட்டும்'. உட்காரவைப்பதும் நீங்கள், ஏன் உட்கார்ந்தாய் என்று மார்க் போடுவதும் நீங்களா? அந்த மார்க் நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரர் கைக்கும், இன்க்ரிமென்ட் ஃபைலுக்கும் போகாது என்று எழுதித் தருவீர்களா?

நிஜமாகவே அக்கறை இருந்தால் செலவில்லாத வழி சொல்கிறேன். படிக்கட்டில் விளக்கு போட்டு கதவைத் திறந்து விடுங்கள். மணிக்கு ஐந்து நிமிஷம் எழுந்து நடந்தால் 'எங்கே போனே?' என்று கேட்காதீர்கள். நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புங்கள்.

பிறகு பட்டையைக் கழற்றி மேனேஜருக்குக் கட்டுங்கள். எத்தனை பேரை எத்தனை மணி நேரம் உட்காரவைத்தார் என்று அது எண்ணட்டும்.