நமக்குன்னா கை, நாய்க்குன்னா காலா?

பி.காம் படிக்கிறவனுக்கு எலும்பைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்காதீங்க. எந்தக் கணக்கா இருந்தாலும் டேலி ஆகலைன்னா எங்களுக்குத் தூக்கம் வராது :-)

டேலி ஆகாத கணக்கு இதுதான். "மனுசனுக்கு மட்டும்தான் கை. மிருகத்துக்கு நாலும் காலு. அதனாலதான் நாம உசத்தி." பேச்சுப்போட்டி மேடையில இதைச் சொன்னா கைதட்டல் நிச்சயம். எண்ணிப் பார்த்துட்டுத்தான் தட்டுறாங்களா?

எண்ணுவோம். நம்ம ஒரு கையில மணிக்கட்டு எலும்பு 8, உள்ளங்கையில 5, விரல்கள்ல 14. மொத்தம் 27. இப்போ நம்ம ஊர் ராஜபாளையம் நாயோட முன்னங்கால். மணிக்கட்டுல 7, அதுக்குக் கீழே 5, விரல்கள்ல 14. மொத்தம் 26. (மூட்டுகளுக்கு அடியில இருக்குற குட்டி எலும்புகளை ரெண்டு பக்கமும் சேர்க்கலை.) வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. அதுவும் தொலைஞ்சு போகலை, நமக்குத் தனித்தனியா இருக்குற மணிக்கட்டு எலும்புகள் நாய்க்கு ஒண்ணா ஒட்டிப் போச்சு, அவ்வளவுதான்.

நாயோட முன்னங்கால் நடுவுல மடியுதே, அதை முட்டின்னு நினைக்கிறோம். அது மணிக்கட்டு! முழங்கை மேலே, நெஞ்சை ஒட்டி இருக்கு. அதாவது நாய் வாழ்நாள் முழுக்க விரல்லயே நடக்குது. நீங்க தரையில கையை ஊன்றி, உள்ளங்கையைத் தூக்கிட்டு, விரல்ல மட்டும் பத்தடி நடந்து காட்டுங்க. அப்புறம் உசத்தி பேசலாம்.

வவ்வாலோட இறக்கை, அகழெலியோட தோண்டுற கை, குதிரைக் கால், எல்லாம் ஒரே அமைப்புதான்னு டார்வின் 1859-லயே எழுதிட்டார். இதுல நம்ம கைதான் பழைய மாடல். அஞ்சு விரலை அப்படியே வெச்சிருக்கோம். நம்ம கையைவிட அதிகமா மாறினது ஓடுறதுக்குன்னே அமைஞ்ச நாயோட பாதம்தான்.

"சரிப்பா, பிடிக்கத் தெரியுமா?"ன்னு கேப்பீங்க. பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் போங்க. 1988-ல சரணாலயம் அறிவிச்சதே சாம்பல் நிற அணிலுக்காகத்தான் (2021-ல அந்தக் காடு புலிகள் காப்பகத்துல சேர்ந்துடுச்சு). அந்த அணிலுக்குக் கட்டைவிரல் பேருக்குத்தான் இருக்கு. ஆனா பின்னங்கால்ல கிளையைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கிட்டு, ரெண்டு முன்னங்காலாலயும் காயைப் பிடிச்சுத் தின்னும். அதைக் கைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

நம்ம கட்டைவிரல் மத்த நாலு விரல் நுனியையும் தொடும், அதனால பேனா பிடிக்கிறோம், ஊசியில நூல் கோக்கிறோம். அதை நான் மறுக்கலை. அது ஒரு திறமை. ஆனா ஒரு திறமையை வெச்சு மத்தவன் கையையே இல்லைன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

இது வெறும் வாய்ச்சண்டை இல்லைங்க. நாயோட முன்னங்கால்ல, உள்பக்கம் கொஞ்சம் மேலே, ஒரு விரல் தனியா நிக்கும். "அது எக்ஸ்ட்ரா விரல், குட்டியிலயே வெட்டிடு, பார்க்க அழகா இருக்கும்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. எக்ஸ்ட்ரா இல்லைங்க, அது நாயோட கட்டைவிரல்! உள்ளே எலும்பு இருக்கு, மூட்டு இருக்கு, இழுக்குறதுக்குத் தசைநார் இருக்கு. வேகமா ஓடித் திரும்பும்போது மணிக்கட்டு நல்லா மடங்கும், அப்போ அந்த விரலும் தரையைத் தொடும். எலும்பைக் கடிக்கும்போது பிடிச்சுக்கவும் உதவும். பின்னங்கால்ல சில நாய்களுக்கு வெறும் தோல்ல தொங்குறது வேற கதை. அடிபட்டாலோ புண்ணானாலோ எடுக்கணுமான்னு கால்நடை மருத்துவர் சொல்லட்டும். அழகுக்காக வெட்டாதீங்க. அந்த நகம் தரையில தேயாது, வளைஞ்சு சதையில குத்தும். அதுக்கு நகத்தை வெட்டினாப் போதும், விரலை வெட்ட வேண்டாம்.

2005-ல தபால்துறை ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்ப் வெளியிட்டுச்சு. நமக்கெல்லாம் பெருமை! ஆனா காட்டுப்பன்றி வேட்டைக்கு ஓடின இனத்தை நாலடிச் சங்கிலியில நாள் முழுக்கக் கட்டிப் போட்டுட்டு என்ன பெருமை? ஓடுறதுக்குன்னே அமைஞ்ச 26 எலும்பு அங்கே சும்மா கிடக்குது. முதல்ல காலையில ஒரு மணி நேரமாவது அதை ஓட விடுங்க. ஊர்ப் பெருமையை அப்புறம் பேசுவோம்.