விஷ மருந்தை உடைக்கும் இரும்பு!
கிருமிகளிடம் பாடம் படிக்கும் விஞ்ஞானிகள்

மழையில் கிடக்கும் ஆணி துருப்பிடிக்கிறது. காற்றில் உள்ள பிராணவாயு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது.

ஆனால், அதே இரும்பு மண்ணில் வாழும் ஒரு கிருமியின் உடம்பில் இருந்தால் கதையே வேறு. அது பிராணவாயுவை வேலை வாங்குகிறது. அதைக்கொண்டு விஷப் பொருளை உடைக்கிறது!

இந்த வித்தையை மனிதனும் செய்ய முடியுமா? பல நாட்டு விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். தமிழ்நாட்டு விஞ்ஞானிகளும் அவர்களில் உண்டு.

திராட்சைப் பந்தல்

தேனி மாவட்டத்தில், கம்பத்துக்கு அருகே இருக்கிறது காமயகவுண்டன்பட்டி. திராட்சை விளையும் பூமி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

கொடி தழைத்தால் பூச்சியும் வரும், நோயும் வரும். விவசாயிகள் மருந்து அடிக்கிறார்கள். அடித்த மருந்து முழுவதும் இலையில் தங்குவதில்லை. ஒரு பகுதி மண்ணில் விழுகிறது.

விழுந்த மருந்து என்ன ஆகிறது? கொஞ்சம் வெயிலில் சிதைகிறது. இன்னும் கொஞ்சத்தை மண்ணில் உள்ள கிருமிகள் உடைக்கின்றன.

இது சுலபமான வேலை அல்ல. பல மருந்துகளில் ஆறு கரி அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்கின்றன. அந்தப் பிடியை விடுவிப்பது கடினம்.

தீக்குச்சி இல்லாத நெருப்பு

பிராணவாயு இருந்தால் மட்டும் போதாது. ஒரு காகிதம் பல ஆண்டுகள் காற்றில் கிடந்தாலும் தானாக எரிவதில்லை. தீக்குச்சி வேண்டும்.

கிருமியிடம் தீக்குச்சி ஏது? அதனிடம் என்சைம் இருக்கிறது. மெல்லும் சோற்றை வாயில் இனிக்க வைப்பதும் ஒரு என்சைம்தான். வளையத்தை உடைக்கும் சில என்சைம்களின் நடுவே இரும்பு அணு இருக்கிறது. அது பிராணவாயுவைத் தட்டி எழுப்பி, வளையத்துக்குள் புகுத்துகிறது. வளையம் அறுந்துவிடுகிறது!

காற்றில் உள்ள பிராணவாயுவே இப்படிப் பொருளுக்குள் நேராகப் புகுகிறது என்பதை ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஹயாய்ஷி 1955-ல் நிரூபித்தார்.

திருச்சியில் ஆராய்ச்சி

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவரும் அவருடைய மாணவர்களும் இந்த இரும்பு என்சைமுக்கு மாதிரிகள் செய்தார்கள். இரும்பைச் சுற்றி எந்தப் பொருளை வைத்தால் வளையம் வேகமாக அறுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

அமெரிக்காவில் டெரன்ஸ் காலின்ஸ் என்ற விஞ்ஞானி வேறு வழியில் போனார். காற்றுக்குப் பதிலாக, புண் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடை எடுத்துக்கொண்டார். அவர் குழு செய்த இரும்புச் சேர்மம், பெனிட்ரோதியான் என்ற பூச்சிமருந்தைத் தண்ணீரில் உடைத்துக் காட்டியது. அது 2006-ல் நடந்தது.

தடை என்ன?

தடை இரும்பிலேயே இருக்கிறது. எழுப்பிவிட்ட பிராணவாயு, எழுப்பிய சேர்மத்தையே எரித்துவிடுகிறது. அல்லது இரண்டு இரும்பு அணுக்கள் பிராணவாயுவின் வழியாக ஒட்டிக்கொண்டு, துருவைப் போல் உபயோகமற்றுப் போகின்றன.

கிருமிக்கு இந்தத் தொல்லை குறைவு. என்சைமின் புரதம், கோட்டைச் சுவரைப் போல இரும்பைக் காக்கிறது. சேதப்பட்டாலும் கிருமி புதிதாகச் செய்துகொள்ளும். அப்படி ஒரு கோட்டையை மலிவாகக் கட்டுவதுதான் விஞ்ஞானிகளின் கவலை.

ஏன் இவ்வளவு பாடு?

ரசாயனத் தொழிற்சாலைகள் பல, பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்களை நம்பி இருக்கின்றன. இரும்போ மலிவு. காற்றுக்கு விலையே இல்லை. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் சாய நீரையும் மருந்து கலந்த நீரையும் குறைந்த செலவில் சுத்தம் செய்யலாம்.

ஆனால், தோட்டத்தில் தூவினால் விஷம் போய்விடும் என்ற நிலை இன்னும் வரவில்லை. ஆய்வுக்கூடக் குடுவை வேறு, காமயகவுண்டன்பட்டி மண் வேறு. குடுவைக்கும் மண்ணுக்கும் நடுவே பல ஆண்டு உழைப்பு தேவை. அதற்குப் பணமும் தேவை. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு அல்ல.

அதுவரை பழைய பாதுகாப்புதான் உண்டு. மருந்தை அளவோடு அடிக்க வேண்டும். மருந்து அடித்தபின் குறிப்பிட்ட நாட்கள் கழித்தே பழம் பறிக்க வேண்டும். வீட்டில் பழத்தை நன்றாகக் கழுவிய பிறகே குழந்தை கையில் கொடுக்க வேண்டும்.