எழுத்தைக் கேட்கும் கணனி



பர்மாவில், இரங்கூன் நகரின் கெமண்டைன் பகுதியிலிருந்த பார்வையற்றோர் பாடசாலைக்கு 1917 இல் வந்து சேர்ந்தார் வில்லியம் ஜாக்சன் என்ற குருவானவர். அவரும் பார்வையற்றவர். பர்மிய எழுத்துக்குப் பிறெயில் புள்ளிகளை அமைத்து, 1931 இல் இறக்கும்வரை அங்கேயே பணி செய்தார். இரங்கூன் இன்று யாங்கோன் எனப்படுகிறது. கருவிகளும் மாறிவிட்டன. ஆனால் அவற்றைப் பார்வையற்றோர் தாமே ஆக்கும் வழக்கம் மாறவில்லை.

கணனித் திரையில் படங்களும் சுட்டியும் நிறைந்திருந்தால் அவர்களுக்குச் சிரமம். கட்டளை வரியிலோ எழுத்து மட்டுமே. கட்டளையைத் தட்டினால் விடையும் எழுத்தாகவே வரும். திரைவாசிப்பான் அதைப் பேசிக் காட்டும். லினக்ஸ் போன்ற முறைகளுக்கு ஈமாக்ஸ்பீக்கை 1995 இல் வெளியிட்டவர் இந்தியாவில் பிறந்த ரி. வி. ராமன். விண்டோசுக்கு இலவச என்விடிஏ-ஐ 2006 இல் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவின் மைக்கல் கரன். இருவரும் பார்வையற்றவர்கள். மக் கணனியில் வொய்ஸ்ஓவர் கூடவே வருகிறது.

நீண்ட விடை கடகடவென ஓடினால் காது பின்தங்கிவிடும். கட்டளையின் பின் '>' குறியும் ஒரு பெயரும் இட்டால், விடை அப்பெயரில் கோப்பாகச் சேரும். பிறகு ஆறுதலாக வரிவரியாகக் கேட்கலாம். மூன்று முறைகளிலும் இது பொருந்தும்.

புதிய நாட்டில் பார்வையற்ற பிள்ளையை நாம் வீட்டுக்குள் முடக்கலாகாது. பாடசாலையில் திரைவாசிப்பான் பற்றிக் கேட்போம். வீட்டில் முதலில் விசைப்பலகையைப் பழக்குவோம். விரல் பழகினால் மீதியைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.